காக் சபுராவின் அண்டாக்கள்

மலாய் மீனவக் கிராமமான தஞ்சோங் லோக்கானில் கல்யாணம், சாவு, பெருநாள் எதுவானாலும் முதல் தகவல் சபுரா வீட்டுக்குத்தான் போகும். ஊரார் பங்கு போட்டு வாங்கிய பெரிய அண்டாக்கள் அவளுடைய பலகை வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கவிழ்ந்து கிடக்கும். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைக் 'காக்' என்றுதான், அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நெல் விளையும் உள்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்த புதிதில் மீன் வாடைக்கு முகம் சுளித்தாள் என்று ஊர்ப் பெண்கள் அவளைப் படுத்தாத பாடில்லை. பரிந்து பேச முன்வந்தவள் கணவனின் தங்கை தெமா ஒருத்திதான். நெத்திலி காயவைப்பதிலிருந்து, எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பது வரை எல்லாவற்றையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சபுராவின் கணவன் இளவயதிலேயே கண்ணை மூடியபோதும் தெமாதான் துணைக்கு வந்து படுத்துக்கொண்டாள். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து அடுப்பில் நின்றால் அன்றைக்கு விருந்து களைகட்டும் என்று ஊரில் பேர்.

அந்தக் காலத்தில் நகரத்துக்குப் போவதென்றால் படகு, பஸ் என்று பாதி நாள் போய்விடும். பிறகு நகரமே இவர்களைத் தேடி வந்தது. முதலில் நெடுஞ்சாலை, அப்புறம் தொழிற்சாலை, அதற்கப்புறம் கடலைத் தூர்த்துக் கட்டிய கடைத்தெரு. கடைசியில், ஆற்றுக்கு அக்கரையில் அடுக்குமாடி வீடு தருகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் மாட்டோம் என்றார்கள். மாட்டோம் என்றவர்களுக்குக் காப்பிக்கடை லாசிம்தான் தலைவன். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர்ச் சாமானில் உரிமையில்லை என்று அவன் கூட்டம் போட்டுத் தீர்மானம் கொண்டுவந்தபோது சபுராவும் கை தூக்கினாள். அதற்குச் சில நாள் முன்புதான் தெமா ஒரு வார்த்தை சொல்லாமல் சாமானை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தாள்.

அதோடு போக்குவரத்து நின்றது. பெருநாளுக்குக்கூட ஒருத்தி வீட்டு வாசலை ஒருத்தி மிதிக்கவில்லை. தெமாவின் மகள் ஹஸ்னிக்குக் கல்யாணம் என்ற அழைப்பும் ஆள் மூலமாகத்தான் வந்தது. போவதில்லை என்று சபுரா முடிவு செய்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்க அடைமழை. மறுநாள் விடிந்ததும் தெமாவின் கணவன் உசோப் கரைக்கு வந்து, படகுகளில் இருந்த மீனையெல்லாம் விலை பேசினான். இவ்வளவு மீன் எதற்கு என்று யாரோ கேட்க, முதலில் மழுப்பினான். பிறகு உண்மை வந்தது. நகரத்தில் சமையலுக்குச் சொல்லியிருந்த ஆளின் கூடத்தில் இடுப்பளவு வெள்ளமாம், சோறு வராதாம். மாப்பிள்ளை வீட்டார் மதியத்துக்கு வந்துவிடுவார்களாம். உசோப் அண்டாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. மீனை மட்டும் கேட்டான்.

கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சபுரா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் அண்டாக்களை வெளியே உருட்டினாள். சத்தம் கேட்டு லாசிம் வந்து நின்றான்.

"காக், அது ஊர்ச் சொத்து. நீங்களும்தானே கை தூக்கினீங்க?"

"தூக்கினேன். இப்ப அதே கையாலதான் அண்டாவையும் தூக்கப்போறேன். ஒரு பக்கம் பிடிக்கிறியா, இல்ல வழிய விடுறியா?"

லாசிம் பிடிக்கவில்லை. ஆனால் வழியை விட்டான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் சிலர் வந்து பிடித்தார்கள்.

சாலையில் தண்ணீர் நின்றதால் அண்டாக்கள் படகில் ஏறி, கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு போயின. வயல்காட்டுப் பெண்ணான சபுராவுக்குப் படகு என்றாலே ஆகாது. போகிற வழியில் வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, தேங்காய் துருவ எத்தனை பேர் வேண்டும் என்று உசோப்பிடம் திட்டம் சொன்னாள்.

அடுக்குமாடிக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். தெமா இறங்கி வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். பாதி வெங்காயம் உரித்தானதும் சபுராதான் கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போகாதேன்னு சொல்லியிருப்பீங்க. நானும் போயிருக்கமாட்டேன், அண்ணி. எங்க வீட்டுத் தரைப்பலகை எப்படி இத்துக் கிடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? மழை நாள்ல புள்ளைங்கள எங்க படுக்கவைக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக் கிடப்பேன்."

சபுராவுக்குத் தெரியும். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சலில் துடித்தாள். தெமா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்தாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

விருந்தில் மாட்டிறைச்சி இல்லை. மீன் குழம்பும் சோறும் வெள்ளரிக்காய் ஊறுகாயும்தான். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அந்தத் தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. அதன் பிறகு விசேஷம் என்றால் அக்கரைக்காரர்களும் வந்து அண்டா எடுத்துப்போனார்கள். லாசிம் மட்டும் நெடுநாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். அவன் அம்மா இறந்த அன்று அக்கரைப் பெண்கள் வந்து சமைத்துப் போட்டபோது, எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

சபுரா இன்னும் பலகை வீட்டில்தான் இருக்கிறாள். தெமா அக்கரையில், ஏழாவது மாடியில். லிஃப்ட் பழுதான நாட்களில் சபுரா கீழே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்துவாள். முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே தெமா படியிறங்கி வருவாள்.