துணிக்கொடி

முதலில் காலுறைகள், பிறகு சட்டைகள், கடைசியில் படுக்கை விரிப்பு. ரிஃப்கி பயில்வான் துணி காயப்போடும் வரிசை இதுதான், மாறாது. கவ்விகள் நாலைந்து வாயில். தண்ணீர் சொட்டும் சட்டையை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையை மட்டும் மெதுவாக மேலே கொண்டுபோவார். குதிகால் எழும்பாது. உடம்பைச் சாய்த்துத் தோளுக்கு ஒத்தாசை செய்வதும் கிடையாது. விரல் நுனி கயிற்றைத் தொடுகிறதா என்று ஒரு கணம் நின்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துணி ஏறும்.

பக்கத்து வீட்டு ஷுக்ரியே வேலிக்கு மேல் தலையை நீட்டுவாள். “முசெய்யென் அக்கா, உங்க பயில்வான ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்களேன். எங்க வீட்டு ஆம்பளைக்குத் துணிக்கொடி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது.”

உள்ளேயிருந்து மனைவி முசெய்யென் பதில் சொல்வதற்குள் பயில்வான் கவ்விகளுக்கு நடுவிலிருந்து சொல்லிவிடுவார். “இது எதிர்னேயில தங்க பெல்ட்டத் தூக்கப்போற கை. உங்க வீட்டுப் பைஜாமாவயெல்லாம் தூக்காது.”

எண்ணெய் மல்யுத்தம்தான் அவருக்குத் தொழில். கோடை முழுதும் ஊர் ஊராகக் களம், குளிர்காலத்தில் ஆலிவ் ஆலையில் மூட்டை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கழுத்தும் தலையும் ஒரே அகலம். காதுகள் இரண்டும் பிசைந்து வைத்த மாவு போல நசுங்கிக் கிடக்கும். கேட்கவேண்டியது மட்டும் அந்தக் காதில் சரியாக விழும், கேட்க வேண்டாதது விழாது. நாட்டிலேயே பெரிய எதிர்னே களத்தின் தங்க பெல்ட்டை அவருடைய இடுப்பு இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் காப்பிக்கடையில் அது அவருடைய இடுப்பில் ஏறிவிடும்.

“இந்த வருஷம் சந்தேகமே இல்ல. பெல்ட்டு என் அளவு கேட்டு ஆள் அனுப்பிச்சிருக்கு.”

“போன வருஷம் மூணாவது சுத்துலயே தோத்தீங்களே அண்ணே?”

“தோத்தேன்னு எவன் சொன்னது? நான் கீழ படுத்தேன். அவன் என் மேல விழுந்தான். விழுந்தவன் யாரு, நீயே சொல்லு.”

கடை முழுக்கச் சிரிக்கும். பயில்வானும் சிரிப்பார். ஊருக்கு அவர் ஒரு பீற்றல் மன்னன். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பீற்றிக்கொள்வதும் எண்ணெய் பூசுவதும் அவருக்கு ஒன்றுதான். பூசிக்கொள்ளாமல் களத்தில் இறங்கினால் முதல் பிடியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் கொல்லையில் அவர் வேறு மனிதர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு பிடியில் வலத் தோள் தசை கிழிந்தது. நகரத்து மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்கினார். பயில்வான் எழுந்து வந்துவிட்டார். வந்த அன்றே முசுக்கட்டை மரத்துக்கும் சுவரிலிருந்த கொக்கிக்கும் நடுவே புதுக் கயிறு கட்டினார். நல்ல கையாக இருந்தால் நிமிர்ந்து நின்றபடி தொடக்கூடிய உயரம். மறுநாளிலிருந்து துணி காயப்போடுவது அவருடைய வேலை ஆயிற்று. வீட்டு வேலையில் திடீர்ப் பாசம் வந்துவிட்டதாக ஊர் பேசிக்கொண்டது. கை எவ்வளவு ஏறுகிறது என்று தினமும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது அவருக்கு. கயிறு முகஸ்துதி பண்ணாது, பரிதாபமும் படாது.

அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் கை எட்டவில்லை. பயில்வான் இடக்கையால் துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து டீக் கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரொட்டி தட்டிலேயே கிடக்கும். பிறகு எழுந்து காப்பிக்கடைக்குப் போய்த் தங்க பெல்ட்டைப் பற்றிப் பேசுவார்.

இந்த வசந்தத்தில் கயிறு மனம் இளகியது. முதலில் நடுவிரல் தொட்டது. பிறகு நான்கு விரல்களும். வைகாசி வெயில் வந்தபோது கயிறு உள்ளங்கையில் படுத்தது. பயில்வான் மரத்தடியில் நின்று தனியாகச் சிரித்தார். அன்று காலை நாலு முட்டை சாப்பிட்டார். தன் உயரத்துக்கு மேல் இருப்பவனையும் வலக்கையால் கழுத்தில் அறைந்து இழுத்துக் குப்புறத் தள்ளுவது அவருடைய பழைய பிடி. இரண்டு வருடமாக மூட்டை கட்டி வைத்திருந்த அந்தப் பிடியை மனசுக்குள் மறுபடி பிரித்து வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஊர்க் களத்தின் விழாக்குழுத் தலைவர் நஸ்மி பே ஒரு பெட்டி லோக்குமோடு வந்தார். தானிய வியாபாரி. எதையும் இனிப்பு கொடுத்துவிட்டுத்தான் சொல்லுவார்.

“பயில்வான், இந்த வருஷம் நம்ம களத்துல உங்களுக்கு ஒரு விடைபெறும் விழா. மேளம், சுர்ணாக் குழல், ஊர்வலம், எல்லாம் உண்டு. பித்தளைத் தகடு கூட செஞ்சாச்சு. பேரு வெட்டியிருக்கு.”

“யார் விடைபெறுறது?”

“நீங்கதான்.”

“என்கிட்ட யாரும் சொல்லலியே.”

நஸ்மி பே இன்னொரு லோக்குமை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டார். “ஜோடிக் குலுக்கல்ல அந்த ஒர்குன் இருக்கான். அந்தல்யாக்காரன். இருபத்தி நாலு வயசு. மாஷா அல்லாஹ், காளை மாதிரி. எதுக்கு உங்களுக்கு அந்தச் சங்கடம்? மரியாதையா கால்சட்டையச் சுவத்துல மாட்டிருங்க.”

விலகும் பயில்வான் தன் எருமைத்தோல் கால்சட்டையைச் சுவரில் மாட்டுவான். மாட்டியதை யாரும் மறுபடி எடுத்து உடுத்துவதில்லை. தோல் காய்ந்து விறைத்துப்போய்விடும்.

“என் பேரக் குலுக்கல்ல போடுங்க,” என்றார் ரிஃப்கி. “எந்தக் காளை வருதோ வரட்டும்.”

“தோத்தா எல்லாரும் பாக்க நடுவுல கூப்பிட்டுத் தகட்டக் குடுப்போம். அப்ப என்ன செய்வீங்க?”

“அத அப்ப பாத்துக்கலாம். லோக்கும் ரொம்பத் தித்திப்பு, எடுத்துட்டுப் போங்க.”

குலுக்கலில் அவருக்கு எதிராளியாக ஒர்குன்தான் வந்தான்.

களத்தன்று காலையில் பயில்வான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காலுறைகள் ஆயிற்று, சட்டைகள் ஆயிற்று, விரிப்பும் ஏறியது. வலக்கை சுலபமாக எட்டியதில் மனம் குளிர்ந்து திரும்பியபோது செவலைக் கோழி விரிப்பைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. முதுகு நனைந்திருந்தது. அது எப்போதும் விரிப்புக்குக் கீழே நிமிர்ந்து நடந்து வரும் கோழி.

பயில்வான் குனிந்து பார்த்தார். விரிப்பின் ஓரம் மண்ணில் கிடந்தது. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். கயிறு தேய்த்துத் தேய்த்து மரப்பட்டையில் விழுந்திருந்த பழைய வளையம், இப்போதைய முடிச்சுக்கு ஒரு முழத்துக்கு மேலேயே இருந்தது. எதிர்ப்பக்கம் சுவரில் கொக்கிக்குக் கீழே வரிசையாக ஆணித் துளைகள், கடைசியில் ஒரு புது ஆணி. தினமும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் மரத்தையும் சுவரையும் பார்க்கவில்லை.

“முசெய்யென்!”

அவள் மாவுக் கையோடு வந்தாள்.

“கயிறு எப்பலேர்ந்து இங்க இருக்கு?”

“காத்துல தளர்ந்திருக்கும்.”

“காத்து முடிச்சுப் போடுமா? ஆணி அடிக்குமா? இது மாட்டுக்குப் போடுற முடிச்சு. உன் முடிச்சு.”

முசெய்யென் கோழியைக் காலால் ஒதுக்கினாள். “ஆமா, நான்தான் இறக்கினேன். கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டு குளிர்காலம் பூரா என் முன்னால ஊமையா உக்காந்திருந்தியே, நான் என்ன செய்வேன்? ஊர்ல பீத்துற மனுஷன் வீட்டுல வாயத் திறக்கல. கயித்த இறக்கினேன். நீ ரொட்டி சாப்பிட ஆரம்பிச்ச. அதுக்கப்புறம் மேல ஏத்த எனக்கு மனசு வரல.”

பயில்வானின் முகம் சிவந்தது. “நஸ்மி பே என் பேர பித்தளையில வெட்டினான். நீ கயித்த இறக்கின. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?”

“அவனையும் என்னையும் ஒண்ணாச் சேக்காத, ரிஃப்கி.”

“ஊருக்கு நான் பொய் சொல்லுவேன், அது என் பொழப்பு. எனக்கு யாரும் பொய் சொல்லக் கூடாது! இன்னிக்கு அந்தப் பையன் கழுத்துக்கு இந்தக் கைய வீசியிருப்பேன். பாதியில நின்னுருக்கும். அடியில புகுந்து என்னத் தூக்கிட்டுப் போயிருப்பான், மூட்டை மாதிரி.”

“அப்ப போகாத.”

“இப்பதான் போகணும். என் கை எங்க நிக்கும்னு இப்பதான் எனக்குத் தெரியும்.”

தோல் கால்சட்டையைச் சுருட்டிக் கோரைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முசெய்யென் மாவை அப்படியே போட்டுவிட்டுத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

களத்தில் கட்டியக்காரர் செலாமி ஒலிபெருக்கியோடு காத்திருந்தார். ஒவ்வொரு பயில்வானையும் பாட்டுக் கட்டிக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்வது அவருடைய வேலை.

“ரிஃப்கி, உனக்குன்னு ஒரு விடைபெறும் பாட்டு கட்டியிருக்கேன்டா. கேட்டா ஊரே அழும்.”

“உன் மாமியார் சாவுக்கு வெச்சுக்க. எனக்கு எப்பவும் சொல்றதச் சொல்லு.”

“தங்க பெல்ட்ட வாங்கப்போற வீரன்னா? இன்னிக்குமா?”

“பின்ன? வேற யாரு இருக்கா இங்க?”

செலாமி சொன்னார். கூட்டம் சிரித்தது. சிரிப்போடு கைதட்டலும் கலந்துதான் வந்தது.

களத்தில் அவரவர் உடம்புக்கு அவரவரே எண்ணெய் பூசிக்கொள்ளலாம். முதுகுக்கு மட்டும் எதிராளியின் கைதான் வேண்டும். அதுதான் முறை. ரிஃப்கி ஒர்குனின் முதுகில் எண்ணெயை வழித்துவிட்டார். கல் மாதிரி முதுகு, எங்கும் ஒரு குறை தட்டுப்படவில்லை. பிறகு ஒர்குனின் முறை. அவன் உள்ளங்கை வலத் தோள்பட்டைக்கு வந்ததும் நின்றது. தசை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம்.

“அண்ணே, இங்க...”

“தடவு, தடவு. எண்ணெய்தான கேட்டேன், வைத்தியமா கேட்டேன்?”

மேளம் கொட்டியது, சுர்ணா கிளம்பியது, இருவரும் தொடையைத் தட்டி மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள்.

இருபத்து நாலு வயதுக்காரனுக்குக் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒர்குன் தலையைத் தாழ்த்திக் கழுத்தைக் காட்டினான், வா வந்து அறை என்று. கயிறு இறங்கியிருந்த விஷயம் தெரியாத ரிஃப்கியாக இருந்தால் அறைந்திருப்பார். இந்த ரிஃப்கி அறையவில்லை. அந்தக் களம் முழுதும் வலக்கை காதுக்கு மேலே போகவில்லை. குனிந்தே நின்றார், கால்சட்டையின் இடுப்புத் தோலையும் முழங்காலுக்குக் கீழே கயிறு சுற்றிய விளிம்பையும் மட்டுமே தேடினார். ஒர்குன் இன்னொரு முறை கழுத்தைக் காட்டியபோது சடாரென்று கீழே பாய்ந்து கால் விளிம்புக்குள் நான்கு விரலை நுழைத்துவிட்டார். காளை ஒற்றைக் காலில் நொண்டியது. கூட்டம் எழுந்துவிட்டது. பெண்கள் வரிசையில் முசெய்யென் எழவில்லை. அவள் கண் வலத் தோளிலேயே இருந்தது.

விரல் வழுக்கியது. நேரம் முடிந்தது. இனி முதல் புள்ளி எடுப்பவனுக்கு வெற்றி என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ரிஃப்கியை ஒர்குன் சுற்றி வந்து பின்னாலிருந்து பிடித்து மண்டியிட வைத்தான். புள்ளி. முதுகு மண்ணைப் பார்க்கவில்லை, ஆனாலும் முடிந்தது முடிந்ததுதான்.

ஒர்குன் குனிந்து பெரியவரின் கையில் முத்தமிட்டான். நஸ்மி பே தகட்டோடு நடுக்களத்துக்கு ஓடி வந்தார். ஒலிபெருக்கி ரிஃப்கியின் கைக்குப் போனது. காப்பிக்கடைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “பயில்வான், விழுந்தவன் யாரு?”

பயில்வான் கண்ணில் இறங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும் விழல. ஆனா நான் தோத்தேன். இவன் ஜெயிச்சான்.”

இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. நஸ்மி பே முகம் மலரத் தகட்டை நீட்டினார்.

“அதக் கொண்டுபோய் உங்க கடையில மாட்டுங்க,” என்றார் ரிஃப்கி, ஒலிபெருக்கியிலேயே. “ஞாயித்துக்கிழமை மன்யாஸ்ல களம். பேரு குடுக்கப்போறேன். ஒர்குன், நீயும் வா. இன்னிக்கு என் முதுகுல தெரிஞ்சுக்கிட்டத மறந்துடாம வா.”

கூடையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இடத் தோளில்.

வீடு வந்தபோது வெயில் இன்னும் மரத்தில் இருந்தது. பயில்வான் சட்டைகூட மாற்றாமல் நேரே கொல்லைக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு மாட்டு முடிச்சை அவிழ்த்தார். இடக்கையால் கயிற்றை மேலே செலுத்திப் பழைய வளையத்தில் உட்கார வைத்து இறுக்கினார். எதிர்முனையை முசெய்யென் தானே எடுத்தாள். முக்காலி போட்டு ஏறிப் பழைய கொக்கியில் கட்டினாள். இறங்கி வந்து புது ஆணியையும் பிடுங்கி எறிந்தாள். மண்பட்ட விரிப்பைத் தொட்டியில் அலசிப் பிழிந்து கொண்டுவந்து அவருடைய இடக்கையில் கொடுத்தாள்.

அவர் கவ்வியை வாயில் வைத்துக்கொண்டார். குதிகால் எழும்பவில்லை. வலக்கையை மெதுவாக மேலே கொண்டுபோனார். காதைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. விரல் நுனிக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் வெறும் காற்று. முசெய்யென் ஓர் அடி முன்னால் வந்தாள். பயில்வான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். கையை அவர் இறக்கவில்லை.