நல்லா இருக்கோம் சார்

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போவதற்கு முன்னால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்திகை பார்த்தோம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் ஜெராக்ஸ் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. நாடகம் போடப்போகிறீர்களா அம்மா என்று பக்கத்து டீக்கடைக்காரர் கேட்டார். ஆமாம், நீங்கள் வந்து திரை இழுங்கள் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கால் இரண்டும் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டன. மிச்சம் இருப்பதை வைத்துத்தானே பிழைக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கும் எங்களை மறுபடியும் மருத்துவக் குழு முன்னால் வரச் சொன்னார்கள். போய்வந்தோம். புதிய அட்டையில் பலருக்கு ஊனத்தின் சதவீதம் இறங்கியிருந்தது. அதோடு சேர்ந்து உதவித்தொகையும் இறங்கியது. எனக்கும்தான். இத்தனை வருஷமாகச் சூம்பிக் கிடந்த கால்கள் திடீரென்று எப்படித் தேறின என்பது அந்தக் குழுவுக்கே வெளிச்சம். ஆனால் எனக்குக் கடை இருக்கிறது, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. திண்டாட்டமெல்லாம் எங்கள் தெருக்கோடி அக்காவுக்குத்தான்.

அக்காவின் மகனுக்கு இருபத்து நாலு வயது. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு; கை, கால் எதுவும் அவன் சொல்கேட்காது. பேச்சு குழறும், நாலு வார்த்தை பொறுமையாகக் கேட்டால் பிடிபட்டுவிடும். புத்தி மட்டும் கத்தி. அக்கா ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறாள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவனோடு இருக்க ஒரு பெண் வருவாள். உதவித்தொகை முழுக்க அந்தப் பெண்ணுக்கான சம்பளம். இப்போது கொடுப்பது கட்டாது, அடுத்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் நின்றால் அக்காவும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அப்புறம் உலை எப்படிக் கொதிக்கும்?

ஒத்திகையில் எம்.எல்.ஏ. வேஷம் கட்டியவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ராணுவ பென்ஷன். பிரெஞ்சில் ஐயா என்று அழைப்பதுபோல, தெருவுக்கே அவர் முசியே. “எனக்கு இங்க ஓட்டே கெடையாது. யாருக்கும் பயப்படாத எம்.எல்.ஏ. நான் ஒருத்தன்தான்” என்று அவராகவே முன்வந்தார். தத்ரூபமாக நடித்தார். மனுவை வாங்கி, படிக்காமலேயே, பக்கத்தில் இல்லாத உதவியாளரிடம் நீட்டுவார். நாங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது அவருடைய செல்போன் அடிக்கும். அதற்கென்று அலாரம் வைத்திருந்தார். பேசி முடித்துவிட்டு, “பாத்துக்கலாம்மா, பாத்துக்கலாம்” என்று எழுந்துவிடுவார்.

அதனால் நான் சில சட்டங்கள் போட்டேன். போன் வந்தால் காத்திருக்க வேண்டும். அவர் வைத்ததும், விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து சொல்ல வேண்டும். சால்வை கிடையாது, சால்வை போட்டால் போட்டோ எடுப்பார்கள், போட்டோ எடுத்தால் வந்த வேலை முடிந்தது என்று இருபக்கமும் நினைத்துக்கொள்வார்கள். கேட்பது இரண்டே இரண்டு: மறுபரிசோதனை, அதுவரை பழைய உதவித்தொகை.

எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. முசியே அக்காவைப் பார்த்து, “பையன் எப்டிம்மா இருக்கான்?” என்று கேட்பார்.

“நல்லா இருக்கான் சார்” என்பாள் அக்கா.

முதல் வாரம் சிரித்தோம். மூன்றாவது வாரமும் அதே பதில் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லா இருந்தா இன்னாத்துக்குக்கா மனு?” என்று கத்தினேன்.

அப்போதுதான் அக்கா சொன்னாள். மருத்துவக் குழுவிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. “தானா சாப்புடுவானான்னு கேட்டாங்க. சாப்புடுவான் சார்னேன். தானா உக்காருவானா? உக்காருவான் சார்.” இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை வாரி, பவுடர் பூசி அழைத்துப் போயிருக்கிறாள். அவன் வாயோரம் எச்சில் வழிவதற்கு முன்னால் முந்தானையால் ஒற்றி எடுத்துவிடுவாள். அங்கேயும் ஒரு சொட்டுகூட அவர்கள் கண்ணில் பட விட்டிருக்க மாட்டாள்.

“ஒன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினு வந்திருக்க” என்றேன்.

அக்கா அழுதுவிட்டாள். “அவன் பக்கத்துல கேட்டுக்கினு இருக்கான். பெத்தவ வாயால எம் புள்ளைக்கு முடியாதுன்னு எப்டிம்மா சொல்றது? பலிச்சிடாதா?”

முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஏனென்றால் அந்தக் குழுவின் முன்னால் நான் செய்தது யாருக்கும் தெரியாது. நடக்க முடிகிறதா என்று டாக்டர் கேட்டதும், ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஆறடி நடந்து காட்டினேன். வலி உயிர் போனது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. முடியும், முடியும் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் சேர அதைத்தான் சொன்னோம், கடைக்கு லோன் வாங்க அதைத்தான் சொன்னோம். இப்போது முடியாது என்று சொல்லு என்றால் நாக்கு எப்படிப் புரளும்?

பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மகன்தான் என்னிடம் வழி சொன்னான். “சித்தி, அம்மாவ டீ குடிக்க அனுப்புங்க. நான் சொல்றேன்.”

அக்கா டீக்கடைக்குப் போனாள். அவன் முசியேவைப் பார்த்துப் பேசினான். தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது புகட்ட வேண்டும். முதுகு அரித்தால் யாராவது சொறிய வேண்டும். “கொசு கடிச்சாக்கூட அம்மாவத்தான் கூப்புடணும் சார்.” முசியேவின் அலாரம் அடித்தது. அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். பிறகு தண்ணீரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான். நாங்கள் யாரும் அழவில்லை. பையன் நன்றாகச் சொல்கிறான் என்று சந்தோஷப்பட்டோம்; அவ்வளவு ஒத்திகை ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏறுவதற்கு இரண்டு படிகள். சக்கர நாற்காலியை நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். நான் மூச்சு வாங்க நானாகவே ஏறினேன். எங்கள் முறை வந்தது. அவர் வயதில் சின்னவர், முகம் கொடுத்துப் பேசினார். மனுவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?” என்றார்.

“நல்லா இருக்கேன் சார்” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாதம் முழுக்க ஊரையே திட்டியவள் நான். சக்கர நாற்காலியிலிருந்து ‘க்ளுக்’ என்று சிரிப்புச் சத்தம். எனக்குக் காது மடல் சுட்டது.

“இல்ல சார்” என்றாள் அக்கா. அவள் பேசவே கூடாது என்பதுதான் எங்கள் ஏற்பாடு. “அவங்க நல்லா இல்ல. ரெண்டு படி ஏற எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்தீங்க இல்ல? இரும்புக் காலிபர் மாட்டி மாட்டி காலெல்லாம் புண்ணு. யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க.” அப்புறம் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். “எம் புள்ளையும் நல்லா இல்ல சார். அவனே சொல்லுவான், கேளுங்க.”

அவன் ஆரம்பித்தான். இரண்டாவது வாக்கியத்தில் போன் அடித்தது. எம்.எல்.ஏ. எடுத்துப் பேசினார். அவன் காத்திருந்து, தண்ணீரிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் போன். மறுபடியும் தண்ணீர். மூன்றாம் தடவை அவர் போனை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பையனின் வாயோரம் எச்சில் இறங்கியது. அக்காவின் கை முந்தானையோடு எழுந்தது. பாதியில் நின்று, கீழே இறங்கியது. அவன் கொசு வரைக்கும் சொல்லி முடித்தான்.

மறுபரிசோதனைக்கு அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழைய தொகையைப் பற்றி இலாகாவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டதில் பாதி கையில் இருந்தது. மீதிக்கு இன்னொரு முறை வர வேண்டும், அதற்கும் ஒத்திகை பார்க்கலாம் என்றேன்.

தெருவுக்கு வந்ததும் அக்கா முந்தானையால் மகன் வாயைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், “கொசு கடிச்சா என்னியக் கூப்புடறது ஒனக்கு அவ்ளோ கஷ்டமாவாடா இருக்கு?”

“கூப்புடறது இல்லம்மா” என்றான். “ஒவ்வொரு வாட்டியும் நீ தூக்கத்துல ஏந்திரிச்சி வர்ற பாரு. அதான்.”