படத்தில் இல்லாத சித்தப்பா

எங்கள் சித்தப்பா ஒரு நாள் காலையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இறந்து போயிருந்தார். பாவம், அவருக்கு இது தெரியாது. அந்த நேரம் அமெரிக்காவில் இரவு. போர்த்துக்கொண்டு நல்ல நித்திரையில் இருந்திருப்பார். அவர் இறந்ததும் பிழைத்ததும் மருதனார்மடத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டு விறாந்தையில்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தப்பா அம்மாவின் ஒரே தங்கையைக் கலியாணம் முடித்தவர். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மேற்படிப்புக்கு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பாதிரிமார் ஒழுங்கு செய்தபோது, சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அம்மாவுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. மலாயாவுக்குப் போனாலும் ஊர்ச்சனம் நாலு பேர் இருக்கும், அமெரிக்காவில் யார் இருக்கிறார்கள் என்பது அம்மாவின் கட்சி. சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே கழுத்து இடது பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். "பாதிரிமாருக்குத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தே சரிஞ்சு போச்சு" என்று அம்மா கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார். பயணம் சொல்ல இருவரும் வந்த அன்று அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. கதவடியில் வந்து நின்ற சின்னம்மாவிடம், அடுப்பைப் பார்த்தபடியே, "போறவை போகட்டும். எனக்கு இனித் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்றார். சின்னம்மா அழுதுகொண்டு போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அம்மா ஒரு வரிகூட எழுதவில்லை. சின்னம்மாவின் கடிதங்களுக்கு, நாங்கள் ஐயா என்று கூப்பிடும் அப்பாதான் பதில் போடுவார். கடிதம் வந்தால் ஐயா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சரிந்திருந்து உரத்து வாசிப்பார். அம்மா உள்ளே சுளகும் கையுமாக இருப்பார். கடிதம் வருகிற நாட்களில் மட்டும் அரிசியில் அவ்வளவு கல். ஆனால் கடிதம் முடியும்வரை சுளகு ஒரு சத்தமும் போடாது.

என்னென்ன புதினமெல்லாம் வரும்! வீட்டுக்குக் கீழே நிலவறையில் நெருப்பு எரியுமாம், மேலே வீடெல்லாம் சூடாக இருக்குமாம். கொடியில் காயப்போட்ட வேட்டி விறைத்துப் பலகை மாதிரி நிற்குமாம். சித்தப்பா அதைக் கதவைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாராம். ஒரு நாள் சின்னம்மா செத்தல் மிளகாய் வறுக்க, மேல்வீட்டு வெள்ளைக்காரி இருமி இருமி இறங்கி வந்து, வீடு எரிகிறதென்று வாளியோடு நின்றாளாம். ஐயா இதை வாசித்தபோது உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐயா நிறுத்தி, "என்னப்பா?" என்றார். "ஒண்டுமில்லை. கல்லு" என்றார் அம்மா.

கடைசியாக வந்த கடிதத்தில் கார்ச் செய்தி இருந்தது. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். ஓட்டுவது சித்தப்பாதானாம். கிறிஸ்தவரின் நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்குச் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு இரண்டு நாள் காரோட்டிப் போகப் போகிறார்களாம். வழியெல்லாம் பனி கொட்டிக் கிடக்கும், சில்லு வழுக்கும் என்பதால் சில்லைச் சுற்றிச் சங்கிலி கட்டவேண்டுமாம். பனியில் புதைந்தால் வெட்டி எடுக்க ஒரு மண்வெட்டியும் காருக்குள் வைத்திருக்கிறார்களாம்.

அன்றைக்குத்தான் அம்மா முதன்முதலாக விறாந்தைக்கு வந்தார். "காருக்குச் சங்கிலி கட்டுற இடத்துக்கு என்ன விசருக்குப் போகினம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பிறகு ஒரு மாதம் கடிதமே இல்லை. மாசி மாதத்தில் ஒரு காலை தபால்காரர் படலையில் மணி அடித்து மொத்தமான ஓர் உறையைத் தந்தார். ஐயா உடைத்தார். உள்ளே கடிதம் இல்லை. மட்டைகளுக்கு நடுவில் ஒரு படம் மட்டும் இருந்தது. அதன் பின்பக்கத்திலும் ஓர் எழுத்து இல்லை.

படத்தில் எங்கும் வெள்ளை. நடுவில் ஒரு கார், முன்சில்லு பள்ளத்துக்குள் இறங்கி, மூக்குக் குப்புறக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னம்மா தனியே நின்றார். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. தலையில் புருவம் மறைய ஒரு வெள்ளைக் குல்லா.

ஐயா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் பக்கத்து வளவுப் பெரியம்மா வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துவிட்டார். தபால் மணி கேட்டால் எங்களுக்கு முன்னமே வந்துவிடுகிறவர். ஐயாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ! இவள் என்ன கோலத்திலை நிக்கிறாள்? அவர் எங்கை?"

எங்கள் ஊரில் அப்போது ஒருவர் வாழ்நாளில் படம் எடுப்பது இரண்டு தரம்: ஒன்று கலியாணத்துக்கு, மற்றது செத்தவீட்டுக்கு. பட்டினத்திலிருந்து படம்பிடிக்கிறவர் மூன்று கால் பெட்டியும் கறுப்புத் துணியுமாக வண்டியில் வந்து இறங்குவார். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கட்டின புருசனே பெண்சாதியைப் படம் பிடிப்பான் என்று அங்கே ஒருவரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

"இது கலியாணப் படமோ? தாலியைக் காணேல்லை, பொட்டைக் காணேல்லை, வெள்ளையும் உடுத்தாச்சு. கார் கவிண்டு கிடக்கு. இதுக்கு மேலை என்ன கடுதாசி வேணும்?" என்று பெரியம்மா ஒப்பாரிக்குக் கொண்டையை அவிழ்த்தார்.

அம்மா ஓடிவந்து படத்தைப் பறித்தார். பார்த்தார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "என்ரை நாக்கு! என்ரை நாக்கெல்லோ அந்த மனிசனைத் திண்டது! அடுப்படியிலை நிண்டு சொன்னனே, பாவி!" என்று வாயில் வாயில் அடித்தார். அம்மா தன்னைத்தானே அடித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"பொறும், அந்தரப்படாதையும்" என்றார் ஐயா. ஆனால் அவருடைய குரலும் சரியாக இல்லை. "பாதிரியார் பங்களாவுக்குப் போய் ஒரு தந்தி அடிப்பிச்சுக்கொண்டு வாறன்" என்று சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டினார். காற்றுப் போய்க் கிடந்தது. பம்பைத் தேடினார். பெரியம்மா அதற்குள் ஒப்பாரியில் இரண்டு அடி பாடிவிட்டார். மூன்று வீட்டுச் சனம் படலையில் கூடிவிட்டது. அடுப்பில் சோறு கருகும் மணம் வந்தது. ஒருவரும் அசையவில்லை.

படம் நிலத்தில் தலைகீழாகக் கிடந்தது. நான் குந்தியிருந்து அதைப் பார்த்தேன். அப்படிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தது.

"ஐயா, இதிலை ஒரு ஆள் விழுந்து கிடக்குது!"

"ஐயோ, பிரேதத்தையும் பிடிச்சிருக்கிறாங்களே!" என்று பெரியம்மா உச்சத்துக்குப் போனார்.

ஐயா பம்பைப் போட்டுவிட்டு வந்தார். படத்தை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தன் காலடியில் விழுந்திருந்த தன்னுடைய நிழலைப் பார்த்தார். இரண்டு முழங்கையையும் மடித்து, நெஞ்சுக்கு நேரே எதையோ பிடித்திருப்பதுபோல் நின்றார். நிழலும் அப்படியே நின்றது. "ஆள் இல்லை. நிழல். படம் எடுத்தவன்ரை நிழல்" என்றார்.

"படம்பிடிக்கிறவன் ஒருத்தன் நிக்கத்தானே வேணும்" என்றார் பெரியம்மா, விட்டுக்கொடுக்காமல்.

அம்மா எழுந்து வந்து படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, கழுத்தைப் பாருங்கோ" என்றார்.

பனிக்கு மேல் நீட்டி விழுந்திருந்த அந்த நிழலின் தலை இடது பக்கம் சரிந்திருந்தது.

அம்மா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது. எனக்கும் ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. பெரியம்மா கொண்டையை முடிந்துகொண்டு, "நான் அப்பவே நினைச்சனான், அவருக்கு ஆயுசு கெட்டி எண்டு" என்றார். சனம் கலைந்தது. ஐயா நெற்றி வியர்வையைச் சால்வையால் துடைத்துக்கொண்டு, "நல்லகாலம், அவருக்குக் கழுத்துச் சரிஞ்சிருந்தது" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அந்த மனிசன்ரை கழுத்துக்கு என்ன குறை? வாயை அடக்கிக் கதையுங்கோ!"

பிறகு சாமியறைக்குப் போய்க் குங்குமம் தொட்டு வந்து, படத்தில் சின்னம்மாவின் வெள்ளைக் குல்லாவின் மேல் ஒரு பொட்டு வைத்தார். நல்ல படத்தைப் பழுதாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்று மத்தியானம் கருகின சோறுதான். ஐயா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்பது நாள் கழித்து, படத்தோடு வைக்க மறந்த கடிதம் தனியே வந்தது. கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியதாம். பக்கத்து வயல் கமக்காரன் ஒருவன் இரண்டு குதிரை பூட்டி இழுத்து விட்டானாம். அவன் வருமட்டும் பொழுது போகாமல், புதிதாக வாங்கிய படப்பெட்டியால் சித்தப்பா படம் பிடித்தாராம். வெள்ளை உடுப்பு மேல்வீட்டுக்காரி இரவல் தந்ததாம். அம்மா இந்தத் தடவை சுளகைத் தூக்கவில்லை. ஐயாவின் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டார்.

அன்று பின்னேரம் அம்மா என் கொப்பியில் ஓர் ஒற்றை கிழித்துத் தானே எழுதினார். தபாலில் போட என்னிடம் தந்தபோது நான் திருட்டுத்தனமாக வாசித்தேன். நாலே வரி. நாங்கள் சுகம். காரை மெல்ல ஓட்டச் சொல்லு. சங்கிலியை இறுக்கிக் கட்டச் சொல்லு. அடுத்த படத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கோ.

சித்திரைக்குப் பிறகு பதில் வந்தது. படத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சித்தப்பாவின் தலை சின்னம்மாவின் பக்கம் சரிந்திருந்தது. கூடவே கடிதம். அக்காவின் கடிதத்தை ஆறு நாளாக வாசிக்கிறேன், இன்னும் வாசித்து முடியவில்லை என்று சின்னம்மா எழுதியிருந்தார்.

நாலு வரியை வாசிக்க ஆறு நாளா! அமெரிக்காவுக்குப் போய் எங்கள் சின்னம்மா தமிழை மறந்துபோனார் என்று நான் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.