பன்னிரண்டாவது போர்டு

அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தவர்கள் அச்சகத்தில் கூட வேலை பார்த்தவர்கள். பதினாறு வருஷம் அங்கே பிழை திருத்தினாள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு புள்ளி காணாமல் போனால்கூட அவள் மேஜையைத் தாண்டாது. "ஏம்மா, உன் வீட்டுக்காரர் முகத்துல எத்தனை மச்சம்னு கேட்டாக்கூட சொல்லுவே போலிருக்கே" என்று மிஷின்காரர் கிண்டலடித்தார். "ஏழு" என்றாள் அவள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அன்றிலிருந்து பூதக்கண்ணாடிதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். அச்சகத்தில் அவள் வேலை எழுத்து. எழுத்து மட்டும். படம், கோடு, கட்டம் எல்லாம் பக்கத்து மேஜை. பதினாறு வருஷமும் படம் வந்தால் அவள் கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். அது அவள் குற்றம் இல்லை, வேலை அப்படி. ஆனால் பழக்கம் இருக்கிறதே, அது ஆளை விட்டுத்தொலைவதில்லை.

அச்சகத்தை இழுத்து மூடினார்கள். அவள் வீட்டில் உட்காருகிற ரகம் இல்லை. சாவி செய்கிறவருக்கும் தையல்காரருக்கும் நடுவில் ஒரு ஒற்றை அறையைப் பிடித்தாள். ஒரு கம்ப்யூட்டர், ஸ்டிக்கர் வெட்டுகிற பழைய மிஷின் ஒன்று, கதவைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு மேஜை. வாசலில் அவளே செய்த முதல் போர்டு: "பிழை இல்லாத போர்டு இங்கே கிடைக்கும்". அதைப் பார்த்துச் சாவிக்காரர், "நல்லா இருக்கு, ஆனா சாஞ்சு தொங்குதே!" என்றார். சாய்ந்துதான் தொங்கியது. எழுத்தில் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. அதில் அவளுக்கு ஒரே பெருமை.

முதல் இரண்டு மாதம் அவள் பட்ட பாட்டை என்னத்தைச் சொல்ல! ஸ்டிக்கரை ஒட்டினால் உள்ளே காற்று நின்று கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பல் டாக்டர் போர்டில் அப்படி எழும்பி, பல்லெல்லாம் வீங்கின மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் நல்ல மனுஷன், சிரித்துவிட்டுப் போனார். அவள் ஊசியால் ஒவ்வொரு கொப்புளமாகக் குத்தி, துணியால் தேய்த்து, மறுபடி ஒட்டி, மெல்ல மெல்லக் கையைப் பழக்கிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் தங்கச்சி ஒரு பெரிய வேலை பிடித்துக்கொண்டு வந்தாள். தங்கச்சி அட்டைப்பெட்டி கம்பெனியில் மாடியில் பெட்டி மடிக்கிறவள். கம்பெனியைச் சோதனை போட ஆபீசர்கள் வரப்போகிறார்கள், ஆபத்து நேரத்தில் வெளியே போக வழிகாட்டுகிற போர்டு ஒன்றுகூட இல்லை, உடனே வேண்டும் என்று மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம்.

"எங்க அக்கா செய்வாங்க சார், ஒரு எழுத்து பிசகாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்" என்றாள் தங்கச்சி. "என் மானத்தைக் காப்பாத்து."

பதினொரு போர்டு. "வெளியேறும் வழி" என்று எழுத்து, கீழே ஒரு அம்புக்குறி, பின்னால் கரண்ட் போனாலும் எரிகிற பேட்டரி லைட். எழுத்தை முன்னால் ஒட்டினால் தோள் உரசி, பெட்டி உரசி உரிந்துவிடும். அதனால் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பலகையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். அதற்கு முதலில் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். அப்போதுதான் முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு நேராகத் தெரியும். இதை அவள் நாலு பலகையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டாள். பதினொன்றையும் ராப்பகலாகப் பார்த்துப் பார்த்துச் செய்து, தானே போய் நின்று மாட்டிவிட்டு வந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அம்சமாக இருந்தது.

சோதனைக்கு முந்தின நாள் காலையில் மேனேஜர் போன் பண்ணினார்.

"ஏம்மா, இன்னொண்ணு வேணும். பாத்ரூமிலிருந்து வெளிய வந்தா எதிர்ச் சுவர்ல. படிக்கட்டு இடது பக்கம். ஒரு மணி நேரத்துல முடியுமா? உன் தங்கச்சி வந்து வாங்கிக்கட்டும், எலெக்ட்ரீஷியன் மாட்டிடுவான்."

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புதுசாகக் கடை போட்டவளுக்கு எங்கே வரும்? எழுத்தை அடித்தாள், திருப்பினாள். அம்புக்குறி தனியாக நின்றிருந்தது. எழுத்தோடு சேர்த்துப் பிடிக்காமல் விட்டுவிட்டாள், அது திரும்பவில்லை. திரையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தலைகீழ்ப் பாஷை மாதிரி இருந்தது. அம்பு மட்டும் ஒழுங்காக இடது பக்கம் காட்டியது. படிக்கட்டு இடது பக்கம்தானே, சரி என்று வெட்டினாள். அந்தத் திரையில் சரியாகத் தெரிந்த ஒன்றே ஒன்றுதான் தப்பு.

ஒட்டி முடித்து, எழுத்தை முன்னிருந்து ஒரு தரம், பின்னிருந்து ஒரு தரம் படித்தாள். ஒற்று, புள்ளி, எல்லாம் இருந்தது. அம்பு எழுத்து இல்லையே! கண் தாண்டிப் போய்விட்டது. பேப்பரில் சுற்றித் தங்கச்சி கையில் கொடுத்தாள். சோதனை நல்லபடியாக முடிந்தது. மேனேஜர் பாராட்டினாராம்.

எழுத்தை எடுத்தபின் மிச்சம் நிற்கிற பச்சை ஸ்டிக்கர் தாள், எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. கடை ஜன்னலில் மத்தியான வெயில் நேரே கண்ணில் அடிக்கும். வீணாய்ப் போகிறதை எறிவானேன் என்று அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தவள் தன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். "வெளியேறும் வழி". வெளியிலிருந்து எழுத்து நேராகத் தெரிந்தது. நம்ம எழுத்து எவ்வளவு அழகு என்று ஒரு நொடி நினைத்தாள். அப்புறம்தான் அம்பைப் பார்த்தாள். அது வலது பக்கம் காட்டியது.

உள்ளே ஓடினாள், பார்த்தாள். வெளியே ஓடினாள், பார்த்தாள். "என்னம்மா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்று தையல்காரர் கேட்டார். பாத்ரூமிலிருந்து வெளியே வந்தால் வலது பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பேப்பர் உருளை அடுக்குகிற அறை. ஜன்னல் கிடையாது. வேறு கதவும் கிடையாது.

சாயங்காலம் தங்கச்சியைப் பிடித்தாள்.

"பாத்ரூம் எதிர்ல இருக்கிற போர்டுல அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"அங்க போர்டு இருக்கா?" என்றாள் தங்கச்சி.

தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போகிறவள்! மறுநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "ஆமாக்கா, உருளை அறைப் பக்கம்தான் காட்டுது. அதுக்கு ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கே? எங்க எல்லாருக்கும் படிக்கட்டு தெரியும்."

மேனேஜருக்குப் போன் பண்ணி உண்மையை உடைத்துச் சொன்னாள். அவமானத்தில் காது சூடேறியது.

"எழுத்து தப்பா?" என்றார்.

"எழுத்து சரிதான் சார். அம்பு."

"அட, அவ்வளவுதானா! போட்டோ எடுத்து அனுப்பியாச்சும்மா. இப்பக் கழட்டினா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் மிஷினை நிறுத்துறப்ப பாத்துக்கலாம். யாரு அந்த போர்டைப் பாத்துக்கிட்டுப் போறா?"

அன்றைக்கே சரியான போர்டைச் செய்துவிட்டாள். எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனாள். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் கறாராகச் சொல்லிவிட்டார். கெஞ்சினாள். அவர் பாவம், தன் வேலையைப் பார்த்தார். கடைசியில் தங்கச்சி பையில் வைத்து அனுப்பினாள்.

"எலெக்ட்ரீஷியன் லீவுக்கா. கம்பெனியில என் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன், வந்ததும் மாட்டிடுவான்."

"அதுவரைக்கும் அது மேல ஒரு அட்டையாவது ஒட்டுடி. உங்க கம்பெனியில அட்டைக்கா பஞ்சம்?"

"சூப்பர்வைசர் கத்துவாருக்கா. சரி சரி, நாளைக்கு ஒட்டுறேன். உன் தொல்லை தாங்கல."

அந்த நாலு நாளும் அவள் மனுஷியாகவே இல்லை. தெருவில் சங்கு ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி போனால் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். ஜன்னலில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. கிழித்துப் போட நாலு தடவை கையைக் கொண்டுபோனாள். ஏனோ கிழிக்கவில்லை. தங்கச்சி வந்து நிற்பாள், "ஒட்டினியா?" என்று இவள் கேட்பாள், "மறந்துட்டேன்கா" என்பாள் தங்கச்சி.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பசை காய்ச்சுகிற பாத்திரம் கருகிப் புகைந்தது. தீ பெரிசு இல்லை. புகைதான். கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், ஜன்னலை மறைத்துப் பெட்டி அடுக்கியிருந்ததால் மாடி முழுக்க இருட்டு. எல்லாரும் திபுதிபுவென்று படிக்கட்டில் இறங்கி வாசலில் வந்து நின்றார்கள். மேனேஜர் சொன்னது சரி, ஒருவர்கூட போர்டைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தலையை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது.

அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். அந்த நேரத்தில் பாத்ரூமில் இருந்திருக்கிறாள். வெளியே வந்தால் கும்மிருட்டு, மூச்சு முட்டுகிற புகை. எதிர்ச் சுவரில் ஒரே ஒரு வெளிச்சம். பூதக்கண்ணாடி செய்த போர்டு, பேட்டரி லைட்டில், பச்சை எழுத்தில், பிழையில்லாமல்.

உருளை அறையில், அடுக்குக்குப் பின்னால், நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டுக் கடையைப் போட்டது போட்டபடி ஓடியவளைத் தங்கச்சி வழியிலேயே மறித்துக்கொண்டாள்.

"பயப்படாதேக்கா. உன் பேர் வராது. சரியான போர்டை நான் மேனேஜர் கையில எடுத்துக் குடுத்துட்டேன். ஆபீசருங்க வர்றதுக்குள்ள மாட்டியாச்சு. பழசை உடைச்சு எறிஞ்சாச்சு."

"அந்தப் பொண்ணு?"

தங்கச்சி தரையைப் பார்த்தாள். "போர்டு இருந்தும் பதட்டத்துல வேற பக்கம் போயிட்டான்னு எழுதிக்கிட்டாங்க. உனக்காகத்தான்க்கா செஞ்சேன். உனக்காகவும், எனக்காகவும்."

அவள் கடைக்குத் திரும்பிப் போனாள். ஜன்னலிலிருந்து அந்தத் தாளை நகத்தால் மெல்ல மெல்ல, கிழியாமல் உரித்தாள். ஒரு பிளாஸ்டிக் பலகையின் பின்னால் ஒட்டினாள். இந்தத் தடவை ஒரு கொப்புளம்கூட எழும்பவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தொண்டை வெந்து குரல் பாதிதான் வந்தது. வார்டு வாசலில் மேனேஜர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பின்னாலேயே ஓடிவந்த தங்கச்சி, "அக்கா, வேண்டாம், சொன்னாக் கேளு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்களும் கம்பெனியாக்கா?" என்றாள் அந்தப் பெண். "காலையிலிருந்து எல்லாரும் வந்து ஒண்ணையே சொல்றாங்க. அம்பு படிக்கட்டுப் பக்கம்தான் இருந்துச்சாம். நான்தான் மாத்திப் பாத்துட்டேனாம். எங்க அம்மாகூட, அப்படி என்னடி கண்ணு தெரியலைன்னு அழுவுறாங்க. நான் நல்லாத்தான்க்கா பாத்தேன். முதல்ல ரொம்பப் பயமா இருந்துச்சு. அந்த போர்டைப் பாத்ததும்தான் பயம் போச்சு. சுவரைத் தடவிக்கிட்டு அது காட்டுன பக்கமே போனேன். எனக்குக் கண்ணுல கோளாறாக்கா?"

பூதக்கண்ணாடி பையிலிருந்து பலகையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அந்தப் பெண் பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, அம்பு காட்டிய பக்கம் விரலை நீட்டினாள். "இதுதான். இந்தப் பக்கம்தான்."

"உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றாள் அவள். வாசலில் மேனேஜர் உள்ளே காலை எடுத்து வைப்பது தெரிந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். "இந்தப் பக்கம்தான் காட்டிச்சு. அதைச் செஞ்சது நான். தப்புன்னு தெரிஞ்சும் அஞ்சு நாள் அங்கேயே இருந்துச்சு."

அவள் அந்தப் பெண்ணின் கையைத் தொடப் போனாள். அந்தப் பெண் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.