ஒரு பந்து பாக்கி

ரோலண்ட் விடெக் இப்போதெல்லாம் காரில்தான் தூங்குகிறார், மனைவி மார்லீன் அவரைப் படுக்கையறையிலிருந்து கிளப்பிவிட்டார் என்று டெட்ராய்ட் பக்கத்து மன்ரோவில் மூன்று இடங்களில் பேசிக்கொண்டார்கள். முடிவெட்டும் கடையில் வருத்தத்தோடு சொன்னார்கள். இரும்புச் சாமான் கடையில் கொஞ்சம் பொறாமையோடு. மாதா கோயிலின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பரிமாறிய அம்மாள், "பின்பால் ஆடித் தோத்துட்டானாம்ப்பா. கராஜையே வச்சு ஆடினானாம்" என்று சொல்லி, செய்தியின் கனத்துக்கு ஈடாக என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். மீனை அங்கேயே தீர்த்துவிட்டேன். செய்தியைத் தீர்க்க, மறுநாள் சனிக்கிழமை காலை பனியில் இரண்டு வீடு தாண்டி நடக்க வேண்டியிருந்தது.

கராஜ் கதவு பாதி தூக்கியிருந்தது. பச்சை வண்டியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அது அறுபத்தொன்பதாம் வருடத்து மசில் கார். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டிக்காரனைத் தலைகுனிய வைப்பதற்கென்றே செய்யப்பட்ட இனம். என்ன வண்டி என்று எழுத மாட்டேன். அதன் ரசிகர் சங்கத்தாருக்கு என் வீடு தெரியும்.

"யாரு? நீயா? அந்த டார்ச்சைப் பிடி. சொட்டு எப்படி விழுந்திருக்குன்னு சொல்லு."

குனிந்து பார்த்தேன். வண்டியின் அடித்தகட்டில் ஒரு பெயின்ட் சொட்டு வழிந்து உறைந்திருந்தது.

"நேரா விழுந்திருக்கு."

"போச்சு!" என்றார் ரோலண்ட், நெஞ்சில் கை வைத்து.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் எவனோ ஒருவன், வீட்டுக்குப் போகிற அவசரத்தில், இந்த இடத்தில் பெயின்ட்டைச் சொட்டவிட்டுப் போயிருக்கிறான். வண்டியைப் புதுப்பித்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர்கள் டார்ச்சோடு படுத்துப் பார்ப்பார்கள். சொட்டு இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும். தொழிற்சாலை செய்ததைவிட நன்றாகச் செய்துவிட்டாய் என்று குறைப்பார்கள். ஆகவே ரோலண்ட் கோடையிலிருந்து அந்தச் சொட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார். போடுவார், பழைய புகைப்படத்தோடு ஒப்பிடுவார், சுரண்டுவார், மறுபடி போடுவார்.

"அது லேசா இடது பக்கம் சாயணும்யா. அவன் அன்னிக்குக் குடிச்சிருந்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சொட்டைப் பாத்தா தெரியாதா?"

ஓய்வு பெறும்வரை அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. "இல்லைன்னு சொல்றது மொரட்டு வேலை. கேள்வி கேக்கணும். பதில் வந்தா அதுலேருந்து இன்னொரு கேள்வி கேக்கணும். ஜனங்க நல்லவங்க, அவங்களாவே ஒரு நாள் விட்டுடுவாங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பாதிரியாரின் கனிவு இருக்கும்.

வதந்தியைப் பக்குவமாக எடுத்துவைத்தேன். "நீ உன்னோட இன்னொரு வண்டி, அந்தப் போண்டியாக் பின்சீட்ல தூங்குறதா ஊருல பேசுறாங்க."

கால்கள் விறைத்தன. ஆள் வெளியே வந்தார். அறுபத்தாறு வயது, தட்டையான வயிறு, மூக்கு நுனியில் பச்சை.

"போண்டியாக்லயா? அந்த சீட்லயா? அது ஒரிஜினல் வினைல்யா! அதுல நானே இதுவரைக்கும் உக்காந்ததில்ல!"

வதந்தியின் ஒரு கால் அங்கேயே முறிந்தது. மற்றக் காலைப் பார்க்க, கராஜைப் பார்த்தேன். மூன்று கார் நிற்கும் கராஜ். ஒன்றில் பச்சை வண்டி. நடுவில் போண்டியாக், மெத்தென்ற போர்வைக்குள். மூன்றாவது இடத்தில் ஓர் இன்ஜின் தாங்கியில் தொங்கியது. அதைச் சுற்றி, பந்தை ஏவித் தட்டிப் புள்ளி சேர்க்கும் பின்பால் மெஷின்கள், கால் கழற்றி, கம்பளி போர்த்தி, நட்டமாக, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றன. எல்லோருக்குமாக மூலையில் ஒரு ஹீட்டர் சீராக ஓடியது. மார்லீனின் ஹோண்டா வெளியே நின்றது.

இந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து மார்லீனின் வண்டி வெளியேதான் நிற்கிறது. அவர் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் நர்ஸ். வாரநாட்களில் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். ஏரிப் பக்கமிருந்து வருகிற குளிரில் கண்ணாடிமேல் பனி சிமென்ட் மாதிரி பிடித்திருக்கும். போன பிப்ரவரியில் அதைச் சுரண்டும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்றே சொல்லிவிட்டார்: அடுத்த பனிக்கு முன்னால் கராஜில் ஒரு இடம் வேண்டும். ரோலண்ட் மறுக்கவில்லை. அவர்தான் மறுக்கிற ஆளில்லையே. எந்த இடம் என்று கேட்டார். இன்ஜினை எங்கே வைப்பது என்று கேட்டார். ஜப்பான் வண்டியை டெட்ராய்ட் வண்டியின் பக்கத்தில் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்றும் கேட்டார். அக்டோபர் போய் நவம்பர் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், பழைய கார் கிளப் நண்பர்கள் எல்லோரும் இருக்கும்போது, மார்லீன் மறுபடி கேட்டார். ரோலண்ட் கையில் பியர் இருந்தது.

"பின்பால்ல என்னைத் தோக்கடி கண்ணு. கராஜ் உன்னது."

மேசை சிரித்தது. மார்லீன் சிரிக்காமல், "சரி" என்றார்.

ரோலண்டுக்கு ஒரு விஷயம் தெரியாது. கீழ்த்தளத்தில் பதினான்கு பின்பால் மெஷின்களுக்கு நடுவில்தான் துணி துவைக்கும் மெஷினும் இருக்கிறது. துணி அலசி முடிகிறவரை ஓர் ஆள் அங்கே நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்? முப்பத்தொரு வருடத்து அழுக்குத் துணியை மார்லீன் பின்பால் ஆடிக்கொண்டேதான் துவைத்திருக்கிறார். ரோலண்டோ மெஷின்களைத் திறப்பார், துடைப்பார், ரப்பர் வளையம் மாற்றுவார், மூடுவார். ஆடினால் தேயும் என்று ஆட மாட்டார்.

"கீழ வா," என்றார் ரோலண்ட். "நீயே பாரு. அப்புறம் ஊருக்குச் சொல்லு."

படியிறங்கும்போதே அந்த ரீங்காரம் கேட்டது. எல்லா மெஷின்களும் அணைந்திருக்க, ஒன்று மட்டும் விளக்கெரிய விழித்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில், தலையணை, சுவரில் மெஷினின் பிளக்கைச் சுற்றிச் சிவப்பு நாடா. கட்டிலில் கிளப்பின் பொருளாளர் டுவெயின் உட்கார்ந்து டோநட் தின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியா, காவலுக்கு ஆள் போட்டிருக்கேன்," என்றார் ரோலண்ட்.

"பாத்ரூம் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனவன், சொட்டு பாக்கப் போயிட்டான்," என்றார் டுவெயின்.

பந்தய ஆட்டம் அந்த மெஷினில் இப்படி நின்றுபோயிருந்தது. ஆளுக்கு ஐந்து பந்து, மாறி மாறி. ரோலண்ட் தன் ஐந்தையும் ஆடிவிட்டார். மார்லீன் நான்கு ஆடி, நானூறு புள்ளி பின்தங்கி, கடைசிப் பந்தை ஏவ நின்ற நொடியில், பந்தைத் தட்டும் வலது துடுப்பு அசைய மறுத்தது. கருகிய வாசனை வந்தது. உள்ளே அதை இயக்கும் காயில், அந்தச் செம்புக் கம்பிச் சுருள், எரிந்துபோய்விட்டது.

"காயிலை மாத்திட வேண்டியதுதானே?" என்றேன்.

"மாத்தணும்னா கரண்டை நிறுத்தணும். நிறுத்தினா உள்ள ரிலேன்னு ஒரு சுவிட்ச் விழுந்துடும். விழுந்தா ஆட்டம் கலைஞ்சுடும். மார்லீனோட பாயின்ட்டு அத்தனையும் போயிடும். அது அநியாயம் இல்லையா?"

"அப்ப ஒத்தைத் துடுப்பால ஆடட்டும்."

"ஒத்தைத் துடுப்பாலயா? என் பொண்டாட்டியா? அப்படி ஜெயிக்கிற ஆள் நானில்லய்யா!"

"புதுசா ஒரு ஆட்டம் போடுங்க."

மேலே படியிலிருந்து மார்லீனின் குரல் வந்தது. "எம் பாயின்ட்டு அங்க நிக்குது. அதை எவனாவது தொட்டான்னா பாரு."

ஆகவே சரிசெய்ய அணைக்க வேண்டும், அணைத்தால் ஆட்டம் போகும், ஆட்டம் போகாமலிருக்கச் சரிசெய்யக் கூடாது. முப்பது வருடம் பிறருடைய மனுக்களை ஊறப்போட்டவருக்கு, சொந்த வீட்டில் கடவுளே பார்த்துக் கொடுத்த முடிச்சு. கிளப் இதற்கென்றே கூடி, ஒரிஜினல் காயிலும் கரண்டை நிறுத்தாமல் மாற்றத் தெரிந்த ஆளும் கிடைக்கிறவரை பொறுத்திருப்பதென்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த எல்லோருடைய மனைவியரின் வண்டிகளும் வெளியேதான் நிற்கின்றன.

"அது வேற விஷயம்," என்றார் டுவெயின், நான் எதுவும் கேட்காமலே.

ஆனால் ரோலண்டின் நேர்மையில் குறை சொல்ல முடியாது. ஒரு விரலால் பிளக்கைத் தட்டியிருந்தால் ஆட்டம் கலைந்திருக்கும், கராஜ் தப்பியிருக்கும். அவர் தட்டவில்லை. காற்றடித்து மின்சாரம் போய்விடுமோ என்று பேட்டரி வாங்கி வைத்தார். பேட்டரி காலைவாருமோ என்று கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். தான் தோற்கக்கூடிய ஆட்டத்துக்கு இப்படிக் காவல் படுத்தவரை நான் பார்த்ததில்லை. படுக்கையறையை விட்டு வந்தது நிஜம். கிளப்பிவிட்டது மார்லீன் இல்லை, மனசாட்சி.

"அப்ப கார்ல தூங்குற கதை?" என்றேன்.

டுவெயினின் டோநட் பாதி வழியில் நின்றது. "சொல்லட்டுமாடா?"

"வாயை மூடு."

"ஹோண்டாவுல தூங்குறான்ப்பா! விடியக்காலைல! குப்பை வண்டிக்காரன் பாத்திருக்கான். ஸ்டியரிங்ல தலையை வச்சுக் குறட்டை. ஜப்பான் வண்டியில! கிளப்புல இருந்து தூக்கணும் இவனை."

ரோலண்ட் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கதை மெல்ல வெளியே வந்தது. ஆட்டம் நின்ற மறுநாள் பனி கொட்டியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்லீன் வெளியே கிளம்பினார். ரோலண்டால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஆட்டம் முடிகிறவரைக்கும்தானே என்று இவரே போய்ச் சுரண்டினார். மறுநாளும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே சூடாகிறவரை உட்கார்ந்து, தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவதும் வேலையோடு சேர்ந்துகொண்டது.

"சூடாகுற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். கண்ணசந்துடுச்சு."

"தினமுமா?" என்றார் டுவெயின்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீட்டு சூடாகுதுடா. முதுகுக்கு அவ்வளவு இதமா இருக்கு. போண்டியாக்ல அதெல்லாம் கிடையாது."

டுவெயின் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நண்பனின் வீழ்ச்சியை நேராகப் பார்க்க அவருக்கு மனமில்லை.

மார்லீன் இறங்கி வந்தார். சனிக்கிழமை என்பதால் பத்து மணிக்குப் போனால் போதும். நீலச் சீருடை, கையில் காபி. ரோலண்ட் எழுந்து நின்றார். பத்து நாளாகக் கட்டிலில் படுத்த முதுகு அவரை முழுசாக நிமிரவிடவில்லை.

"மார்லீன், ஆடிடு," என்றார். "போதும். ஒத்தைத் துடுப்போ, என்னவோ. ஜெயிச்சா கராஜை எடுத்துக்கோ. இன்ஜினை டுவெயின் வீட்டுல வச்சுக்கிறேன்."

"என் வீட்லயா?" என்றார் டுவெயின்.

மார்லீன் மெஷினைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பின்பால் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் மேலே இருக்கும் சிவப்புக் குமிழ் ஒருமுறை தொட்டால் நூறு புள்ளி தரும் என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. பந்து ஏவினதும் நேராகப் போய் மோதுகிற இடமும் அதுதான். மோதினால் அங்கேயே ஐந்தாறு தடவை துள்ளும். துடுப்பு வரைக்கும் வரவேண்டிய அவசியமே இல்லை. முப்பத்தொரு வருடம் இங்கே துணி துவைத்தவருக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை.

"நான் ஒத்தைத் துடுப்பால ஆடி, நீ தோத்தா, கிளப்புல என்ன பேசுவாங்க?" என்றார் மார்லீன். "வேண்டாம் ரோலண்ட். நீ சொன்னதுதான் சரி. நியாயமா ஆடணும். ஒரிஜினல் காயில் வரட்டும்."

"அது எப்ப வருமோ!"

"வரும்போது வரட்டும். எனக்கென்ன அவசரம்?" சீருடைப் பையிலிருந்து ஹோண்டா சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "பின்கண்ணாடியில நேத்து ஒரு மூலையை விட்டுட்ட."

ரோலண்ட் சாவியைப் பார்த்தார், டுவெயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்பதற்கு ஒரு கேள்வியும் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினார். கொஞ்ச நேரத்தில் கீழ்த்தள ஜன்னலுக்கு வெளியே அவருடைய பூட்ஸ் கடந்துபோனது. கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிற சத்தம் தொடங்கியது.

மார்லீன் காபியை என் கையில் கொடுத்தார். மெஷின் முன்னால் வந்து நின்று, பந்தை ஏவும் கம்பியைக் கடைசிவரை இழுத்தார். சுருள்வில் இறுகியது. வெளியே சுரண்டும் சத்தம் பின்கண்ணாடிக்குப் போகிறவரை அப்படியே பிடித்திருந்தவர், பிறகு கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிறாற்போல, பந்து அசையாமல் உள்ளே விட்டார்.