கடைசிக் கம்பத்து வீட்டுக்கு வந்த கரண்ட்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற சத்தம் கேட்காத தெரு குறைவு. பாண்டிசெல்வியின் தெரு ஊருக்குக் கிழக்கே வயலைத் தொட்டு முடிகிறது. மின்கம்பியும் அவள் வீட்டு வாசலில்தான் முடிகிறது. அதற்குமேல் கம்பம் கிடையாது, பருத்திக்காடுதான்.

செட்டியார்பட்டியில் பிறந்தவள். பத்தாவது முடித்த கையோடு தையல் பழகினாள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது சீராகக் கொண்டுவந்ததில் அவளுக்குப் பிடித்தது மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்றுதான். புருஷன் பிரேம்குமார் ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். நைட்டிக் கம்பெனியிலிருந்து வெட்டிய துணிக்கட்டு வீட்டுக்கே வரும். இவள் கழுத்து, கை, ஓரத்துப் பைப்பிங் எல்லாம் தைத்துத் திருப்பிக் கொடுப்பாள்.

சாயங்காலம் ஆனதும் வினை ஆரம்பிக்கும். தெருவின் தலைமாட்டில் விசைத்தறிகள் ஓடும். நடுவில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின், மிக்ஸி, மோட்டார். எல்லாரும் குடித்து முடித்த எச்சில் தண்ணீர் மாதிரி, மிச்சமிருக்கிற கரண்ட் கடைசிக் கம்பத்துக்கு வந்து சேரும். பல்பு காமாலை பிடித்த கண்ணாக எரியும். காற்றாடி நகராது. மெஷின் முக்கும், ஊசி துணியில் பாதி இறங்கி நிற்கும். மோட்டார் இரண்டு முறை புகைந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து தைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் அதற்குள் வருவதால், தூக்கம்தான் குறைந்துகொண்டே போனது.

கரண்டை அவள் மழை மாதிரி நினைத்திருந்தாள். வந்தால் உண்டு, வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

மூன்றாம் முறையாக மோட்டார் புகைந்த மறுநாள் கரண்ட் ஆபீசுக்குப் போனாள். உதவிப் பொறியாளர் லைனுக்குப் போயிருப்பதாகச் சொல்லி உட்காரச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்தாள். பீரோ பாதி மறைத்த ஒரு பலகை இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தாள். ஃபியூஸ் போனால் இத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும், மீட்டர் பழுதானால் இத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. அதில் ஒரு வரி, மின்னழுத்தம் குறைந்தால் என்று ஆரம்பித்தது. அதற்கும் ஒரு கெடு. கெடு தவறினால் குறைதீர்க்கும் மன்றத்தில் முறையிடலாம் என்று கீழே முகவரி.

அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். எழுந்து பீரோவுக்குப் பக்கத்தில் போய் நின்று மறுபடியும் படித்தாள். அவளுடைய சாயங்காலத்து மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு சட்டம் இருந்திருக்கிறது.

உதவிப் பொறியாளர் ஜெபா வெயிலில் கறுத்த முகத்தோடு வந்தார். சின்ன வயசுதான்.

“மேடம், அந்தப் பலகையில போட்டிருக்கிறது எங்க தெருவுக்கும் சேத்துத்தானா?”

ஜெபா பலகையைத் திரும்பிப் பார்த்தார். “எல்லாத் தெருவுக்கும்தான்க்கா. உங்க தெருவுல புதுசா ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்கணும். நான் மேல எழுதிட்டேன். வைக்கிறதுக்கு எடந்தான் கிடைக்கல. சுயம்புலிங்கம் ஐயா மனை முக்குத்தான் தோது. அவிய முடியாதுன்னுட்டாங்க.”

சுயம்புலிங்கம் பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். தெருவில் பாதிப் பேருக்கு மாமா முறை. நடுத்தெருவில் அவருக்கு ஒரு காலிமனை கிடந்தது. ‘எம் மனை வாசல்ல இரும்புப் பூதத்த நிறுத்தவா?’ என்று ஏற்கெனவே ஒருமுறை லைன்மேன்களை விரட்டியவர்.

பாண்டிசெல்வி மன்றத்துக்கு மனுப் போட்டாள். பிரேம்குமாருக்கு அது பிடிக்கவில்லை.

“ஆபீஸ்காரங்களப் பகச்சுக்கிட்டா நாளைக்கு ஃபியூஸ் போட எவன் வருவான்?”

“வரணும்னு எழுதிப் போட்டிருக்குங்க. நான் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்.”

அடுத்த வாரமே ஜெபா ஒரு சின்னப் பெட்டியோடு வந்து மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார். வீட்டுக்குள் வருகிற கரண்டின் அழுத்தத்தை அது இரவும் பகலும் தானாகவே குறித்துக்கொள்ளுமாம். பாண்டிசெல்வி தைத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். இத்தனை வருஷம் தனியாகப் பட்ட பாட்டைச் சத்தம் போடாமல் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

மன்றம் அந்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடியது. பிரேம்குமாருக்கு ஷிப்ட். தனியாகத்தான் கிளம்பினாள். ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது பார்த்தால், முன் சீட்டில் வெள்ளைச் சட்டையும் முறுக்கிய மீசையுமாகச் சுயம்புலிங்கம். அவரும் அங்கேதான் வருகிறார். தன் மனையைக் கேட்கக் கூடாது என்று ஆட்சேபம் சொல்ல. அவள் வணக்கம் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாடியில் ஒரு நீளமான அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், கண்ணாடி போட்டவர். ஒரு பக்கம் நாற்காலியில் ஜெபாவுக்கு மேலதிகாரியான பெரிய பொறியாளர், அவருக்குப் பின்னால் ஜெபா. பாண்டிசெல்வியின் பெயரைக் கூப்பிட்டதும் கைகட்டி நின்றாள்.

“உக்காந்தே சொல்லுங்கம்மா” என்றார் தலைவர்.

உட்கார்ந்தாள். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னாள். “சாயங்காலம் விளக்கு வச்சா மெஷின் முக்குதுய்யா. ஊசி பாதியில நின்னுக்கிடுது. தையல் விட்டு விட்டு விழுந்தா கம்பெனியில திருப்பி அனுப்பிருவாங்க. அதப் பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். எங்க வரிசையில எட்டுப் பொம்பளைக அப்படித்தான் தைக்கோம்.”

மீட்டர் பக்கத்துப் பெட்டி குறித்திருந்த கணக்கைத் தலைவர் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் நகர்த்தினார். பிறகு பெரிய பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் எழுந்து நின்றார்.

“சார், அந்த ஏரியாவுல லோடு கூடிருச்சு. தறி, தையல் எல்லாம் அஞ்சு வருஷத்துல...”

“காரணம் பொறவு கேக்கேன். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வச்சிருக்கிற விதிப்படி இந்தம்மா வீட்டுக்கு எம்புட்டு அழுத்தம் வரணுமோ, அதக் குடுத்தமா?”

பொறியாளர் கையிலிருந்த ஃபைலை மூடினார்.

“குடுக்கல சார்.”

மனுப் போட்ட அன்று ஆபீசில் இதே பொறியாளரின் அறை வாசலில் பாண்டிசெல்வி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறாள். அவர் நிற்கிறார், இவள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு பெரிய மனிதரைவிடப் பெரியதாக ஒன்று அந்த அறைக்குள் இருக்கிறது, அதற்கு முன்னால் அவரும் தானும் ஒரே மாதிரிதான் என்று தோன்றியது. கோயில் கருவறைக்கு எதிரில் நிற்கிறபோது வருகிற அமைதி வந்தது. கண் கலங்கியதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“டிரான்ஸ்பார்மர் வைக்க உத்தரவு போடுறோம். எடம்?” என்றார் தலைவர்.

“அதுதான் சார் சிக்கல்” என்றார் பொறியாளர்.

பின் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. சுயம்புலிங்கம் எழுந்து, பட்டாளத்து விறைப்போடு நின்றார்.

“அந்த மனை என்னுதுங்கய்யா. குடுக்க முடியாதுன்னு சொல்லத்தான் வந்தேன்.” தொண்டையைச் செருமினார். “இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்துல இருந்தேன். கேள்வி மேலருந்து கீழ வரும், பதில் கீழருந்து மேல போகும். அதுதான் நான் கண்டது. ஒரு தையக்காரப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அதிகாரி எந்திரிச்சு நின்னு, ஆமா தரலன்னு சொன்னத இன்னைக்குத்தான் பாக்கேன். முக்கு எடத்த எடுத்துக்கிடுங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை கூடவே வந்தது.

“ஏட்டி செல்வி, உனக்குப் பயமா இல்லையா?”

“இருந்துச்சு மாமா. அந்தப் பெரிய அதிகாரிக்கும் இருந்துச்சுல்ல, அதப் பாத்ததும் போயிருச்சு.”

அவர் மீசைக்குள் சிரித்தார்.

மழைக்காலம் முடிந்து லாரியில் டிரான்ஸ்பார்மர் வந்தது. தெருவே கூடி நின்றது. கிரேன் அதைத் தூக்கி இரண்டு கம்பங்களுக்கு நடுவே மேடையில் இறக்கியபோது தேர் நிலைக்கு வந்த மாதிரி யாரோ குலவையிட்டார்கள். இணைப்புக் கொடுத்த அன்று சாயங்காலம் ஜெபா கடைசிக் கம்பத்து வீட்டுக்கு வந்து, பிளக்கில் சோதனைக் கருவியைச் செருகிக் காட்டினார். தெருவின் தலைமாட்டில் எவ்வளவோ, இங்கேயும் ஏறக்குறைய அவ்வளவு. பல்பு வெள்ளையாக எரிந்தது. காற்றாடிக் காற்றில் துணிக்கட்டின் நூல்கள் பறந்தன.

பாண்டிசெல்வி மெஷினை மிதிக்காமல் ஜெபாவைப் பார்த்தாள்.

“மேடம், கடைசி வீட்டுக்கும் இம்புட்டு வரணும்னு எழுதுனாங்கல்ல, அவிய யாரு?”

“ஆணையத்துல இருந்தவங்க. நான் காலேஜ் போறதுக்கு முன்னாடியே எழுதினதுக்கா. யார் யாருன்னு எனக்கும் தெரியாது.”

“அவியளுக்கு இப்படி ஒரு தெரு இருக்குன்னு தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“தெரியாமலேவா?” என்றாள் பாண்டிசெல்வி. மெட்ராஸிலே எங்கேயோ ஓர் அறையில், முகம் தெரியாத சிலர், தான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்பே, வரப்போகிற தன் மெஷினுக்காக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அவளால் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை.

இப்போது அந்த வரிசையில் இருட்டிய பிறகும் மெஷின்கள் ஒரே சீராக ஓடுகின்றன. பாண்டிசெல்வி விடியும்வரை தூங்குகிறாள். போன மாதம் பக்கத்தில் உள்ள சோழபுரத்திலிருந்து நான்கு பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரில் குடிதண்ணீர்க் குழாயில் பாதித் தெருவுக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லையாம். இது கரண்ட் ஆபீஸ் விவகாரம் இல்லை, எங்கே போய்க் கேட்பது என்று அவளுக்கும் தெரியாது.

“ஆனா எங்கயாவது எழுதியிருக்கும்க்கா” என்றாள். “வாங்க, போய்ப் பாப்போம்.”

துணியை மடித்து வைத்துவிட்டு அவர்களோடு பஸ் ஏறினாள்.