நளீரின் வாய் கோணிய ஆறு கிழமை

நளீர் பதினெட்டு வருடமாகக் கல்முனை–பொத்துவில் பஸ்ஸில் கொண்டக்டர். ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி வுழூ எடுக்கும்போது, வாய் கொப்பளித்த தண்ணீர் இடது ஓரத்தால் வழிந்தது. இடது கண்ணும் மூடவில்லை.

மனைவி றுகையா பார்த்துப் பதறினாள். "இஞ்ச பாருங்க, ஒங்கட வாய் கோணிக் கிடக்கு!"

நளீருடைய வாப்பா ஒரு பக்கக் கை கால் விழுந்து, பாரிசவாதத்தில் ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தவர். கஞ்சி ஊட்டியது நளீர்தான். இனித் தனக்கும் அதே படுக்கைதான் என்று முடிவு கட்டிக்கொண்டே றுகையாவோடு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் யசோதினி அவரது கையையும் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு புருவத்தையும் மேல தூக்குங்க" என்றார். வலது நெற்றி சுருங்கியது. இடது பக்கம் அசையவேயில்லை.

"பயப்படாதீங்க, இது பாரிசவாதம் இல்ல. மூளையில பிழை எண்டா நெத்தி அசைஞ்சிருக்கும். முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. திடீரெண்டு வந்தது, கொஞ்சக் கிழமையில போயிரும்."

"மெய்யாவா டொக்டர்?"

"ஓம். ஆனா இரத்தத்தில சீனி கூடிக் கிடக்கு, நீரிழிவு. அது எப்ப வந்த எண்டு ஒங்களுக்கே தெரியாது, நோவும் இல்ல. அதுதான் போகாது. மருந்தும் சாப்பாடும் சரியா இருந்தாக் கட்டுப்பாட்டில வெச்சிருக்கலாம்."

நளீர் இரண்டாவது செய்தியைக் காதில் வாங்கவேயில்லை. படுக்கை இல்லை என்பதே போதுமாக இருந்தது. கோணிய வாயோடு சிரித்தார். றுகையா அழுதாள்.

வீட்டில் அவர் தூங்கும்போது மூடாத கண்ணுக்கு றுகையா பிளாஸ்டர் ஒட்டினாள். நாலு வாரம் கழிந்து ஐந்தாம் கிழமை இமை மூடியது; ஆறாம் கிழமை வாய் நேரானது. அன்றோடு சீனிக்கு டொக்டர் எழுதித் தந்த குளிசையையும் நிறுத்திவிட்டு, கருப்பட்டி இனிப்பான வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அடுத்த மாதம் கிளினிக்கில் சீனி முன்னையதைவிட ஏறியிருந்தது.

"முகம்தானே சொகமாகின, சீனி இல்லியே," என்றாள் றுகையா. "டொக்டர் அண்டைக்கே தெளிவாத்தானே சென்னாங்க."

நளீர் அன்றைக்கே குளிசையை மறுபடி தொடங்கினார், சோற்றைப் பாதியாக்கினார், அக்கரைப்பற்றில் பஸ் நிற்கும் கால் மணி நேரமும் உட்காராமல் நடந்தார். இப்போது இரண்டு வருடமாகிறது. போன கிளினிக்கில் டொக்டர் கொப்பியில் எழுதியிருந்த சீனி அளவைப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க, இப்பிடியே இருங்க" என்றார்.

வெளியே வந்து றுகையாவுக்குப் போன் எடுத்தார். "எல்லாம் சரியாம். பகலைக்குச் சோத்தோட மீன் ஆணம் ஆக்குங்க, பசிக்குது."